பட்டாலியன் எல்லைக்குப் போனது, நான் போகவில்லை

பட்டாளத்தில் சண்டைக்குப் போகிறவன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பார்கள். போகாதவன் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது சாவிக்கொத்து.

காலாட்படை பட்டாலியன் ஒன்று எல்லைக்குக் கிளம்பும்போது, குடும்பங்களையும் பூட்டிய கிடங்குகளையும் காகிதங்களையும் பார்த்துக்கொள்ளப் பத்துப் பதினைந்து பேரை விட்டுவிட்டுப் போகும். அதற்கு ரியர் பார்ட்டி என்று பெயர். செகந்திராபாத்தில் திருமலகிரிப் பக்கம் எங்கள் குடியிருப்பு. நான் அங்கே ஹவில்தார் கிளார்க். பெயர் முருகேசன் என்றாலும் எல்லாருக்கும் ‘பாபு’தான். ஊரின் அந்தக் கோடியில் மாதாபூரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. உங்களில் சிலர் அந்தக் கட்டடங்களில் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்து சீட்டுக்காரன் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய அன்று, ‘இங்கேயும் ஒரு ஆள் வேணுமே’ என்று மேனேஜர் உங்கள் தோளைத் தட்டியிருப்பார். அப்படித் தட்டு வாங்கியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நானே அடித்த பட்டியல்

எல்லைக்குப் போகிறவர்களின் பட்டியலை டைப் அடித்தது நான்தான். அதிகாரி கையால் எழுதிக் கொடுத்த தாளில் ‘நாயக் அந்தோணி’ என்று இருந்தது. அந்தோணியும் நானும் ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்கள். ஒரே நாளில் ஆளெடுப்பு வரிசையில் நின்று, ஒரே ரயிலில் வந்து சேர்ந்தவர்கள். அன்றைய ஓட்டத்தில் எனக்குப் பின்னால்தான் வந்தான் அவன். தாளைப் புரட்டிப் புரட்டி என் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், இங்கேயே தங்குகிறவர்களின் பெயர்களில் முதலாவதாக இருந்தது.

அதிகாரியிடம் போய் நானும் வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். மேலிடத்துக்குப் போகிற கடிதங்கள் பிழையில்லாமல் போக வேண்டும், அதற்கு உன்னை விட்டால் ஆளில்லை என்று பாராட்டித் திருப்பி அனுப்பினார். ரியர் பார்ட்டிக்குத் தலைவர் சுபேதார் யாதய்யா, பென்ஷனுக்குக் கொஞ்ச காலமே பாக்கியுள்ள தெலங்கானாக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நல்லா டைப் அடிக்கிறவனை யாரு பதுங்குகுழிக்குள்ள அனுப்புவான்? ஆரம்பத்துலயே நாலு தப்பு விட்டிருக்கணும் பாபு. இப்ப அழுகை நக்கோ, வேணாம்.”

கடிதப் பை

வாரத்தில் இரண்டு நாள் எல்லையிலிருந்து கடிதப் பை வரும். பிரித்து, குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தெருமுனையில் என் சைக்கிள் திரும்பினால் போதும், பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சில இன்லண்டுக் கடிதங்களில் சேற்றுக் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கும். சிலவற்றில் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும்.

அதிகம் கடிதம் வந்தது அந்தோணியின் மனைவி ஸ்டெல்லாவுக்குத்தான். மற்ற பெண்கள் அவள் கையையும் என் பையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பார்வதியின் கணவர் அங்கே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எழுதும் வழக்கம் இல்லாத மனுஷன். பார்வதி ஒவ்வொரு தடவையும் பையைத் தலைகீழாக உதறிக் காட்டச் சொல்வாள். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது, என் மனைவி கலா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொல்கிற வரைக்கும்: “ஸ்டெல்லாவுக்கு வாரத்துக்கு மூணு பக்கம் பேச்சு வருது. நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, எனக்கு மூணு வார்த்தை வரல.”

குனிந்து நடந்தவன்

ஆறு மாதம் கழித்து அந்தோணி லீவில் வந்தான். இளைத்திருந்தான், உதடு வெடித்திருந்தது. ஆபீஸில் என் எதிரே உட்கார்ந்து பேசினான், நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒரு பதுங்குகுழியில் மூன்று பேர். இருவர் படுக்கலாம், மூன்றாமவன் நின்று எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், முறை வைத்து. மேலே மரக்கட்டையும் மண்மூட்டையும். பனியை உருக்கினால்தான் தண்ணீர். அடுப்புப் புகையில் துப்பினால் எச்சில் கறுப்பாக விழும். எலிகள் ரொட்டியை விட்டுவிட்டுக் கம்பளிக் காலுறையைத் தின்னும். காற்று திரும்பினால் எதிர்ப்பக்கத்தான் வெங்காயம் வதக்குகிற வாசனை இங்கே வரும். காலை டீக்குப் பிறகு குண்டு விழ ஆரம்பிக்கும் என்பதால், வெளிக்குப் போவதெல்லாம் டீக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். இதைச் சொல்லி அவனும் கூட லீவில் வந்திருந்த இன்னொருவனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

குழிக்குக் குழி போவதற்கு மார்பளவுப் பள்ளம் வெட்டியிருப்பார்களாம். நிமிர்ந்தால் தலை வெளியே தெரியும். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்தும் செம்பருத்தி வேலி ஓரமாக இடுப்பை மடித்துத்தான் நடந்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு மத்தியானம், யாரும் இல்லை என்று நினைத்து, ஆபீஸிலிருந்து சமையல்கூடம் வரை நானும் அப்படிக் குனிந்து நடந்து பார்த்தேன். அந்தோணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். கேலி செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. “உன் பொண்ணு ஸ்கூல் டைரியில தெனம் நீ கையெழுத்துப் போடற. அங்க உக்காந்து அதை நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கும்டா முருகேசா,” என்றான்.

குகட்பள்ளியில் கிரகப்பிரவேசம்

கலாவின் தம்பி சுரேஷ் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தான். குகட்பள்ளியில் ஃபிளாட் வாங்கி கிரகப்பிரவேசம் வைத்தான். புது வீட்டுக்காரன் மூஞ்சியில் களையே இல்லை. அவனோடு சேர்ந்தவனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இவனை இங்கேயே நிறுத்திவிட்டார்களாம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்த பெரிய மாமா பந்தியில் என் பக்கம் திரும்பி, எல்லையில் ரொம்பக் கஷ்டமாமே என்றார். பட்டாலியனோடு நானும் போய், இப்போது லீவில் வந்திருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் இங்கேதான் இருக்கிறேன் மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். “குளிர்தான் மாமா தாங்க முடியாது” என்று வந்தது.

அப்புறம் நிற்கவில்லை. கறுப்பு எச்சில், எலி, வெங்காய வாசனை எல்லாம் வரிசையாக வந்தன. பாயசம் பரிமாற வந்தவர்கள் வாளியோடு நின்று கேட்டார்கள். நடுவில் நானும் ஒரு தடவை போய் வந்தேன் என்று நினைத்தானோ என்னவோ, சுரேஷ்கூட அமெரிக்காவை மறந்துவிட்டு, குண்டு எவ்வளவு பக்கத்தில் விழும் அத்தான் என்று கேட்டான். கையை நீட்டி, இதோ அந்தப் பால்கனி தூரம் என்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் என்னை விடப் பெரிய ஆள் இல்லை. திரும்பும்போது பஸ் பாலாநகர் தாண்டியது. கலா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: “அந்தக் குழியில மூணு பேருக்குத்தான் இடம்னீங்க. அதுல அந்தோணி அண்ணாவை எங்க நிக்க வெச்சீங்க?”

பையில்லாமல் போன நாள்

முதல் குளிர்காலத்தில் இரண்டு பேர் இறந்து போனார்கள். ஒருவர் மேல் குண்டு விழுந்தது; இன்னொருவர் மேல் பனி சரிந்தது. மூன்றாவதாக ஒருவனுக்குக் குளிரில் கால்விரல்கள் கறுத்து, வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. செய்தி போனில் வரும். லைன் சரியாகக் கேட்காது என்பதால் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள். நான் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்வேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு காலை போன் வந்தது. முதலில் எண், பிறகு பதவி, பிறகு ஏ, என், டி. மூன்றாவது எழுத்தில் என் கை நின்றுவிட்டது. மிச்சத்தை எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழிக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போது பள்ளத்துக்குள்ளேயே குண்டு விழுந்ததாம். எதிர்முனையில் இருந்தவன், திருப்பிச் சொல்லுங்க பாபுஜி என்றான். சொன்னேன்.

அவன் எனக்கு எழுதிய கடைசிக் கடிதம் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. ஒரு மாதமாக நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜம் வேறு: அவன் அந்த இடத்தைப் பற்றி எழுத எழுத எனக்குப் பொறுக்கவில்லை.

சுபேதாரும் கலாவும் நானும் போனோம். பட்டாளத்து வழக்கப்படி சுபேதார்தான் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கடிதப் பையில்லாமல் நான் நிற்பதைப் பார்த்தாள், கலாவைப் பார்த்தாள், சல்லடையைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “உக்காருங்கண்ணா. நின்னுக்கிட்டே சொல்லாதீங்க.”

மூன்று கடிதங்கள்

எல்லையிலிருந்து தபால் வந்து சேரப் பத்து நாள் ஆகும். அதனால் அடக்கம் முடிந்த பிறகு வந்த பையில் அந்தோணியின் கடிதங்கள் மூன்று இருந்தன. கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு ஸ்டெல்லாவிடமே கேட்டேன். வாரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொன்னாள்.

அப்படியே கொடுத்தேன். மூன்று வாரம் நான் சைக்கிளில் போனபோது தெருவே வாசலில் நின்று பார்த்தது. பார்வதி கெட்டவள் இல்லை. அந்த மாதம் முழுக்க ஸ்டெல்லாவின் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய் வந்தவள் அவள்தான். ஆனால் மூன்றாவது கடிதத்தன்று தண்ணீர்க் குழாயடியில் கலாவிடம் சொன்னாளாம்: “போனப்புறமும் அவ வீட்டுக்காரர்தான் எழுதறாரு. எம்புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு, ஒரு கார்டு போட மாட்டேங்கறாரே அக்கா.”

ஸ்டெல்லா கேட்டது

ஸ்டெல்லாவுக்கு நாச்சாரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை கிடைத்தது. அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாள். டிரங்குப் பெட்டிகளைக் கட்ட நானும் கலாவும் போயிருந்தோம். கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. அந்தோணி சொன்னதையெல்லாம் எனக்கே நடந்ததாகக் குகட்பள்ளியில் சொன்னேன் என்று ஸ்டெல்லாவிடம் ஒப்புக்கொண்டேன். கலா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்டெல்லா கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு எழுதியதிலெல்லாம் நான் நலம், குளிர் பரவாயில்லை, பையன் படிக்கிறானா, மூன்று பக்கமும் இவ்வளவுதானாம். லீவில் வந்தபோதும் சொன்னதில்லை; அங்கே எப்படி இருந்தார் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குச் சொல்லுங்கள் என்றாள். பெட்டி மேல் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை அந்தோணியை அவன் இடத்திலேயே நிறுத்தி. அவன் பையன் நடுநடுவே தெலுங்கில் கேள்வி கேட்டான், நான் தமிழில் பதில் சொன்னேன். டீக்கு முன்னால் ஓடுகிற கதைக்கு ஸ்டெல்லா சிரித்துக்கூட விட்டாள். எலிக் கதை வந்ததும் சிரிப்பு நின்றது. “அதுக்குத்தான் மாசத்துக்கு ரெண்டு ஜோடி காலுறை கேட்டாரா. எங்கதான் தொலைக்கறீங்கன்னு திட்டி எழுதிட்டேனே அண்ணா,” என்றாள்.

எந்தக் குழி?

பட்டாலியன் திரும்பி வந்தது. செகந்திராபாத் ஸ்டேஷனில் பேண்டு வாசித்தோம். வந்தவர்கள் மார்பில் புதிதாக ஒரு பதக்கப் பட்டி இருந்தது, எங்கள் மார்பில் இல்லை. எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய விருந்து நடந்தது. பாதிப் பேச்சு எனக்குப் புரியவில்லை. ஒருவன் ‘டீ’ என்று சொன்னாலே மேஜை முழுக்கச் சிரித்தது. முற்றத்தில், உயிரை விட்டவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். சொல்ல வெட்கம்தான்: அந்தோணியின் பெயரை அங்கே வாசித்தபோதுகூட ஒரு நொடி எனக்குள் அந்தப் பொல்லாத எரிச்சல் வந்து போனது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவன் பட்டாலியன் எல்லையில் இருந்தபோது நேராக அங்கேயே வந்து சேர்ந்த சிப்பாய், திருநெல்வேலிக்காரன். என்னைத் தெரியாது. எந்தக் குழியில் இருந்தீங்க பாபுஜி என்று கேட்டான். எத்தனையோ பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான் இங்கேயேதான் இருந்தேன் தம்பி, போகவில்லை என்றேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். பரிதாபப்படப் போகிறான் என்று நினைத்தேன். “குடுத்து வச்சவரு நீங்க. எங்கப்பா காரியத்துக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் என்னால போவ முடியல,” என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அடுத்தவனைப் பார்த்து வயிறு எரிவதற்கும் முதலில் வயிறு முழுசாக இருக்க வேண்டும் என்பதை, இரண்டு வருஷம் வீட்டுச் சோறு தின்றுகொண்டே எரிந்த பிறகுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது.