தொட்டுத் தொட்டு நகர்வது

அக்காவின் விரல் நுனிகள் மரத்துப்போன சேதியை அவள் கணவர், மாமாதான் போனில் சொன்னார். புற்றுநோய்க்குப் போடும் ஊசி மருந்தால் சிலருக்கு அப்படி ஆகும் என்று நான் பெரிய மேதாவி மாதிரி பதில் சொன்னேன். ஆரணிக்கு வந்து அவளைப் பார்த்த பிறகுதான், சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்காவுக்கு மார்பில் கட்டி. எனக்குச் சென்னையில் அதே மாதிரிக் கட்டிகளின் செல்களைப் பார்க்கிற வேலை. எங்கள் வீட்டுக்கு வாய்த்த பொருத்தம் அப்படி. ஒரு செல் கட்டியிலிருந்து பிரிந்து பக்கத்துத் திசுவுக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்று சில புரதங்கள் உண்டு. அவற்றால் திசுவின் நார்களைப் பற்றிக்கொண்டு, தன்னை முன்னே இழுத்து, பின்பக்கப் பிடியை விட்டு நகரும். மைக்ராஸ்கோப்பில் அது நன்றாக நகர்ந்த நாட்களில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று அக்காவின் ஸ்கேன் சொன்னதும் அந்த டீயெல்லாம்தான் நினைவுக்கு வந்தது.

அக்கா பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு தீரும்போது பழைய இழைகளின் வாலை அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்த வாலோடு சேர்த்துச் சாம்பல் தொட்ட விரலால் முறுக்க வேண்டும். முடிச்சு கிடையாது. முறுக்கு பிடித்ததா என்று விரல்தான் சொல்லும். அக்கா டிவி பார்த்துக்கொண்டே பிணைப்பாள்.

நான் போயிருந்தபோதும், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தறிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தினி வருசமா அந்த லேப்ல இன்னாடி பாத்துகினு கீற?"

சொன்னேன்.

"அதுக்குக் கண்ணு இல்லியே. வழி எப்பிடித் தெரியும்?"

"தொட்டுத் தொட்டுத்தான்க்கா போவும்."

கையிலிருந்த இழையையே பார்த்தாள். "மருந்து என் விரல சாவடிச்சுட்டுது. அதோட விரல ஒண்ணும் பண்ணலியா?"

ஏற்பிகளைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். சாம்பல் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் காலையில் மாமா புதுப் பாவைத் தறியின் சீப்பு போன்ற அச்சு வழியாக மெல்ல இழுத்தார். அக்கா முறுக்கிய இழைகள் கொத்துக் கொத்தாகக் கழன்றன. காபி போடச் சொல்லி அக்காவை உள்ளே அனுப்பினார். பிறகு, கழன்றதையெல்லாம் தன் தடித்த விரல்களால் தப்பும் தவறுமாக முறுக்க ஆரம்பித்தார்.

"அவகிட்ட சொல்லிடாதம்மா," என்றார்.

நான் சமையல்கட்டுக்குப் போனேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. அக்கா கதவோரமாக நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஜல்தியா காபி எடுத்துகினு போனா மனுசன் பேஜாராயிடுவாரு. முடிக்கட்டும்," என்றாள்.

இவள் போய்விடுவாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நாளும் அதை ஸ்கேனாகத்தான் பார்த்திருந்தேன். தாங்க முடியவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்துச் சத்தம் வராமல் அழுதேன். மாமாவின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

"காஞ்சிடுச்சாடி?" என்று கேட்டாள்.

அவள் விரலெல்லாம் நனைந்திருந்தது.

"காஞ்சிடுச்சுக்கா," என்றேன்.