மருமகன் ஏறாத கார்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே கார் வைத்திருந்த நெசவாளி மயில்வாகனம் ஒருவர்தான். அதுவும் மேல்கூரையை மடக்கித் திறந்துவிடும் பழைய சிவப்புக் கார். மெட்ராசில் யாரோ கொட்டகையில் போட்டு வைத்திருந்ததை மலிவாக வாங்கி வந்தார்.

“என்னா மயிலு, கூரை இல்லாத வீடா பாத்து வாங்கிக்கினு வந்துட்ட?” என்று பக்கத்து வீட்டு சிவராஜ் கிண்டல் செய்தார்.

“கோபுரம் தெரியுது இல்லபா, அது போதும்” என்றார் இவர்.

அவர் மனசில் இருந்தது மகள் இளவரசியின் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சொந்த வண்டியிலேயே மருமகனை உட்கார வைத்து ஊர்வலம் விட வேண்டும். அதுவரைக்கும் ஊரில் மற்றவர்கள் கல்யாணத்துக்கும் ஓட்டினார். அவர் மனைவி நீலாம்பாள் மட்டும் அதில் ஏறவே மாட்டாள்.

“நம்ம மாப்ள மொதல்ல உக்காரட்டும். அப்புறம் பாருங்க, எறங்கவே மாட்டேன்” என்பாள்.

போன ஆடியில் ஒரு காலை, நீலாம்பாளுக்கு மார்வலி வந்தது. தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்ததால் கார் தெருமுனையில் நின்றது. பாவு போடுகிறவர்கள் நூலை உயர்த்திப் பிடிக்க, அதன் கீழே குனிந்து அவளைத் தூக்கிப்போய் முன் சீட்டில் சாய்த்தார்கள். அதுதான் அவள் முதல்முறை ஏறியது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

உயிர் போன வண்டி என்று அப்புறம் ஒருவரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. அவரும் யாரையும் நொந்துகொள்ளவில்லை.

தை மாதம் இளவரசிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை தினேஷ் நல்ல பிள்ளை.

“எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. அத்த உக்காந்த வண்டிதான? அதுலயே போலாம்.”

மயில்வாகனம் தலையை ஆட்டினார். “வேணாம்பா.”

“அம்மா ஆசப்பட்டது தானப்பா” என்றாள் இளவரசி.

“ஆசப்பட்டாதான். நாளைக்கு உங்களுக்கு ஒரு தலவலின்னாகூட எனக்கு அந்த வண்டிதான் கண்ணு முன்னால வந்து நிக்கும். என்னால முடியாதும்மா.”

வாடகைக்கு வேறு கார் வந்தது. ஊர்வலத்தன்று காலையில், வாங்கின நாளாய் மழைக்குத் தவிர மூடாத கூரையை இழுத்து மூடினார். அதற்கு முன்னே, நீலாம்பாள் சாய்ந்திருந்த சீட்டில் கொஞ்சம் குங்குமமும் ஒரு முழம் மல்லியும் வைத்தார்.

சாயந்திரம் மேளக்காரர்களோடு முன்னால் நடந்து வந்தவர், தெருமுனையில் தன் கார் பக்கம் திரும்பாமலே கடந்தார். பின்னால் வாடகைக் காரில் வந்த மாப்பிள்ளைதான் அந்த இடத்தில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக் கை கூப்பினார்.

பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து கார் கதவைத் திறந்தார். பூ வாடியிருந்தது. எடுக்க மனசு வரவில்லை. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்.