ஆறு ஓட்டில் ஜெயித்த கம்பளி முதலாளி

மாவட்ட கவுன்சில் தேர்தல் முடிவு வந்ததும் பள்ளிக்கூட வாசலில் லிபரல் கட்சிக்காரர்கள் கராடோக் புரோபர்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த மனுஷர் முகத்திலோ ஜெயித்த களையே இல்லை. ஆறே ஆறு ஓட்டு வித்தியாசம்! ஊரில் ஓட்டுள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் அவருடைய கம்பளி ஆலையில் வேலை பார்ப்பவர்கள். எதிர்த்து நின்றவர் பண்ணையாரின் காரியஸ்தர். அவர் வளர்க்கிற நாய்கூட மனசார அவர் பின்னால் போகாது. அப்படியானால் தன் ஆட்களிலேயே ஏகப்பட்ட பேர் அந்த ஆளுக்குக் குத்தியிருக்கிறார்கள். யார் யார்? எதற்கு? கராடோக்குக்குத் தலை சுற்றியது.

அவருடைய அப்பா எல்லிஸ் குத்தகை விவசாயி. அந்தக் காலத்தில் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும். எல்லிஸ் லிபரல் என்று உரக்கச் சொன்னார். குத்தகைத் தவணை முடிந்ததும் பண்ணையார் குடும்பத்தையே வெளியேற்றிவிட்டார். கட்டிலும் கோழிக்கூண்டும் மழையில் நனைய, அம்மா வேலியோரம் உட்கார்ந்து அழுதாள். பையன் கராடோக் சும்மா இருக்கவில்லை. ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து ஒற்றைத் தறியில் கம்பளி நெய்தார். தறி ஓட்ட டைவி ஆற்றில் நீர்ச்சக்கரம் போட்டார். தறிகள் பெருகின. ஆட்களுக்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டார், கடை வைத்தார், கிறிஸ்தவ சபையில் மூப்பரும் ஆனார். மேடை ஏறினால் அப்பாவின் கதைதான். "உன் ஓட்டு உன் ரகசியம், எவனும் கேக்கக்கூடாது!" என்று அவர் முழங்கும்போது பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

இப்போது அவரே கேட்டுக்கொண்டு அலைந்தார். நேராகக் கேட்டால்தானே தப்பு? சாயத் தொட்டிப் பக்கம் போய், "என்னப்பா, அன்னைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்பார்.

"உங்களுக்கில்லாம வேற யாருக்கு முதலாளி போடுவேன்? என் கை அழுகிப் போயிடாது?"

இப்படியே எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அந்தக் கணக்குப்படி காரியஸ்தருக்கு அவர் பெண்டாட்டியின் அனுதாபத்தைத் தவிர ஒரு ஓட்டும் விழுந்திருக்கக் கூடாது!

"ஏங்க, அதான் ஜெயிச்சாச்சே, சூப்பு ஆறிப்போகுது, சாப்பிடுங்க," என்றாள் மனைவி லவ்ரி.

"ஜெயிச்சேனா தோத்தேனான்னே புரியல லவ்ரி."

ஆலை மேலாளர் மத்தாயஸுக்கு மட்டும் எல்லாம் புரிந்திருந்தது. "நிச்சயமாத் தெரிஞ்சது நாலு வீடு முதலாளி. காரியஸ்தர் வந்தப்ப உள்ள கூப்பிட்டு டீ குடுத்த வீடுங்க. முதல் ஆளு ஷோனெட் கிழவி. இந்த மாசத்தோட வீட்டுத் தவணை முடியுது. காலி பண்ணச் சொல்லிடவா?"

அந்த இடத்திலேயே அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்க வேண்டாமா? "பாக்கலாம்" என்றுதான் வாயில் வந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. மறுநாளும் மத்தாயஸ் வந்து கேட்டான். மறுநாளும் அதே பாக்கலாம்தான்.

கடைசியில் ஷோனெட் வீட்டுக்கே போய்விட்டார். அவள் விதவை, அவர் ஆலைக்கு நூல் நூற்பவள். தன் பேரில் வீட்டு வரி இருந்ததால் அவளுக்கும் ஓட்டு உண்டு. சின்ன வயதில் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் குத்தகைக்காரர் மகள்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. எனக்குத்தானே போட்டீங்க?"

"இல்ல முதலாளி."

"நான் என்ன குறை வெச்சேன்? கூலியக் குறைச்சேனா?"

"ஒரு குறையும் இல்ல. ஆலை உங்களது, இந்த வீடு உங்களது, மாவு வாங்குற கடையும் உங்களது. சபையிலயும் முன்னால உக்காந்து யாரு வந்தா, யாரு வரலன்னு பாக்குறது நீங்கதான். இது ஒண்ணாவது என்னுதா இருக்கட்டுமேன்னு தோணிச்சு."

"அதுக்காக அந்தப் பாவிக்கா?"

"எனக்கும் அவன் மூஞ்சியப் பிடிக்காதுதான். பழைய மாதிரி வாய்விட்டுச் சொல்லணும்னு இருந்திருந்தா உங்க பேரைத்தான் சொல்லியிருப்பேன். ஊரே உங்க பேரைத்தான் சொல்லியிருக்கும்."

இது பாராட்டா, வசவா? யோசித்துக்கொண்டே நடந்தார். ஊர் பயத்தில்தான் அப்படிச் சொல்லியிருக்கும் என்று பாலத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது. உறைத்ததும் முகம் எரிந்தது. ஆலை வாசலில் மத்தாயஸ் காத்திருந்தான்.

"சொல்லிடவா முதலாளி?"

"ஒரு வீட்டு வாசலையும் மிதிக்காதே! போய் வேலையப் பாரு!"

எவர் வீட்டுக்கும் ஆபத்தில்லை என்று எல்லாருக்கும் தன் வாயாலேயே சொல்லிவிட நினைத்துத் தறிக் கூடத்துக்குள் போனார். அவரைக் கண்டதும் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஆண்கள் எல்லாரும் எழுந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்கள். தினமும் நடப்பதுதான். பண்ணையாரின் வண்டி போகும்போது அப்பாவும் இப்படித்தான் நிற்பார்.

"தொப்பியப் போட்டுக்குங்கப்பா," என்றார். "இனிமே யாரும் கழட்ட வேண்டாம். போட்டுக்குங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் போடுவது? ஒருத்தரும் போடவில்லை.