மூன்று பத்தை வகுக்காது

கணித ஆராய்ச்சி செய்கிறவனுக்குக் கடை கிடையாது, சரக்கு கிடையாது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவன் செய்த தப்பு ஒன்றுதான். இதே சேற்றில் காலை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் நிற்கும் தோழர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பீடோர் கல்யாணம்

மலேசியாவில், ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு சொல்லித்தருகிறேன். அது வயிற்றுக்கு. ஆராய்ச்சி என் தலையெழுத்து. பீடோரில் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படி என்னதான்டா ஆராயிற?" என்று கேட்டுவிட்டார். ரப்பர்த் தோட்டம் செம்பனையாக மாறும்வரை பால் வெட்டியவர் அவர். அவரிடம் மழுப்பினால் விடமாட்டார்.

எதிர் வரிசையில் ஐந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அதுல யாராவது ரெண்டு பேரு எடம் மாத்திக்கிறாங்கன்னு வைங்க சித்தப்பா. எந்த ரெண்டு பேருன்னாலும் நடக்கிற காரியம் ஒண்ணுதான். அப்படி மாத்த பத்து வழி இருக்கு. அந்தப் பத்தும் ஒரு வகுப்பு. மூணு பேரு சுத்தி வந்து மாறினா அது வேற வகுப்பு" என்றேன். இப்படி எல்லா மாற்றங்களும் சேர்ந்ததைக் குரூப் என்போம். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை என்ற எண்களை மட்டும் கொடுத்தால், குரூப் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று எவ்வளவு தூரம் சொல்லமுடியும்? இதுதான் கேள்வி. எந்த வகுப்பை எடுத்தாலும் அதன் அளவு ஒன்று, இல்லாவிட்டால் குறிப்பிட்ட வேறு ஒரே எண், அவ்வளவுதான் என்றால் அந்தக் குரூப் சாதுவாகத் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். எண்ணிக்கை அவ்வளவு பேசும். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் இன்னமும் புல்லரிக்கும்.

சித்தப்பா பாயசத்தை முடித்துவிட்டுச் சொன்னார்: "காலையில பெரட்டுல ஆளுங்கள வரிசையா நிக்கவச்சு கங்காணி எண்ணுன வேலைதானே லா இது. அதுக்கா இவ்வளவு படிச்ச?"

நீ சொன்னா சரி

கல்லூரியில் என் அறையில் இன்னொரு மேசை ரஹீமுடையது. அவன் குடும்பத்துக்கு ஊருக்குள் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. மனைவி ஹசீனாதான் நடத்துகிறாள். கடையின் பின்மேசையில் உட்கார்ந்து நாலு வருடம் இருவரும் ஒரே கட்டுரையை எழுதினோம். வகுப்புகளின் அளவு ஒரு குறிப்பிட்ட விதத்தில் அமைந்தால் குரூப் சாதுவாகத்தான் இருக்கும் என்று நிரூபிக்கப் பார்த்தோம்.

நடுவில் ஒரு படி என்னுடையது. பெரிய குரூப்புக்குள் ஒரு சின்ன குரூப் இருந்தால், சின்னதில் உள்ள வகுப்பின் அளவு பெரியதில் உள்ள அளவை மிச்சமில்லாமல் வகுக்கும் என்று எழுதினேன். பெரியது எப்படிப் புரட்டினாலும் இடம் பெயராத சின்ன குரூப்புகளுக்கு இது உண்மை. நான் 'எல்லாவற்றுக்கும்' என்று எழுதிவிட்டேன். ரஹீம் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, "மச்சான், இது எல்லாத்துக்கும் வருமா?" என்றான். "தெரிஞ்ச விசயம்தான்டா, இதப் போயி செக் பண்ணுவாங்களா" என்று எரிந்து விழுந்தேன். அப்போது அவனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சண்டை போட அவனிடம் தெம்பு இல்லை. எனக்கு அது தெரியும், தெரிந்தும்தான் கத்தினேன்.

அவன் தாளை என் பக்கம் தள்ளினான். "சரி மச்சான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சட்டம் போட்ட முதல் பக்கம்

கட்டுரை வெளிவந்தது. ஹசீனா முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டாள். ரஹீமுக்கு ஒரே வெட்கம். ஆனாலும் டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அதற்கு நேரே இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவான்.

பாரிட் புந்தாரிலிருந்து கடைக்கு அரிசி கொண்டுவரும் லாரிக்காரர் ஒருநாள் அதன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். "இதுல ஒண்ணுமே புரியலண்ணே. ஒங்க பேரு மட்டும் நல்லா தெரியிது லா" என்றார். ரஹீம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பெயரில் வந்த கட்டுரை அது ஒன்றே ஒன்று.

அடக்கம் முடிந்து திரும்பும்போது கல்லூரி நண்பர் ஒருவர் என் தோளைத் தொட்டு, ஆறுதலாகத்தான் சொன்னார்: "பரவால்ல சார், அந்தப் பேப்பர் இருக்கு. அது எங்கயும் போகாது."

ஒரு கடிதம்

போன வருடம், முகம் தெரியாத ஆராய்ச்சி மாணவி ஒருத்தியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் கட்டுரையை அடித்தளமாக வைத்துத் தன் ஆய்வேட்டை எழுதத் தொடங்கியிருக்கிறாள். என் படியில் தடுக்கி விழுந்திருக்கிறாள். மூன்று பேரில் இருவர் இடம் மாற மூன்று வழி. ஐந்து பேரில் பத்து வழி. அந்த மூன்று பேர் ஐந்து பேருக்குள்தானே இருக்கிறார்கள்? மூன்று பத்தை வகுக்காதே?

பீடோர் பந்தியில் என் வாயாலேயே சொன்ன கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளை கண்டுபிடிக்கும் தப்பு. ஆறு வாரம் ஒட்டுப்போட்டுப் பார்த்தேன், தேறவில்லை. பதில் போடாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. எங்கள் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் படித்திருக்கப் போகிறார்கள்? ஆனால் ஒருத்தி அதன்மேல் வீடு கட்ட வந்து நிற்கிறாள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதைத் தவிர வழியில்லை. திரும்பப் பெற்றால் ரஹீமின் பெயரில் ஒன்றும் மிஞ்சாது.

மின்னஞ்சலின் கடைசி வரி இது: "நான்தான் எங்கேயோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று நீங்கள் சொன்னால் மிகவும் சந்தோஷப்படுவேன்."

ஹசீனாவிடம்

மத்தியானக் கூட்டம் வடிந்தபிறகு கடைக்குப் போனேன். மேசையில் ஐந்து கிளாஸை வைத்து அவளுக்குக் காட்டினேன். இரண்டாம் தடவையே புரிந்துகொண்டாள். "அவருக்கு இது தெரியாதாண்ணே?" என்றாள். "சந்தேகப்பட்டான்மா. நான்தான் கேக்கல. அதட்டிட்டேன்" என்றேன். அவள் கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கையில் எழுதிக்கொண்டு போயிருந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது, ரஹீம் எச்சரித்திருந்தான், அவனுக்கு இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தேன். அவனுக்கு நான் செய்யக்கூடிய நியாயம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "பங்கில்லன்னு போடாதீங்கண்ணே. அப்படிப் போட்டா அவரு அதுல இல்லவே இல்லன்னு ஆயிரும். நாலு வருசம் ஒடம்பு முடியாம ஒங்ககூட உக்காந்து எழுதுனாரு. ரெண்டு பேரும் தப்புப் பண்ணிட்டோம்னே எழுதுங்க."

கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். ரஹீமும் நானும் சேர்ந்து வெளியிட்டதில் இதுவரை யாரும் தப்புக் கண்டுபிடிக்காதது அந்த இரண்டு வரி அறிவிப்பு மட்டும்தான்.