பெற்றோர் குழுவில் போட்ட எச்சரிக்கை

ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். உங்கள் வகுப்பு மாணவர்கள் வீட்டுக்குப் போனபின் கைப்பேசியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள், புத்தி சொல்லாதீர்கள், வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்பேன். கடைசிப் பாதி மட்டும் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது. வேலைக்கே இன்னும் சேரவில்லை, அதற்குள் ஊருக்கு உபதேசம்.

இங்கே மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நான் அனுப்பிய பயிற்சி ஆசிரியை நல்ல பெண். அதுதான் வினையாகப் போயிற்று. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அவளிடம் ஒட்டிக்கொண்டாள். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அப்பா லோரி ஓட்டுகிறார். பள்ளி விட்டால் பிள்ளைக்குத் துணை கைப்பேசி விளையாட்டுதான். அதில் ஓர் 'அங்கிள்' பழக்கமாம். சாப்பிட்டாயா என்று தினமும் விசாரிப்பாராம். இப்போது அவள் படம் கேட்கிறாராம், சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடிக்கு வரச் சொல்கிறாராம். மீதியை நாளைக்குச் சொல்கிறேன் டீச்சர் என்று சிறுமி பள்ளி வேனில் ஏறிவிட்டாள்.

பயிற்சி ஆசிரியை உடனே என்னை அழைத்திருக்கலாம். பள்ளி ஆலோசகரிடம் போயிருக்கலாம். மகராசி, வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் எழுதிப் போட்டுவிட்டாள்: நம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் முன்பின் தெரியாத ஆள் பேசுகிறான், எல்லாரும் கவனமாக இருங்கள். பெயர் போடவில்லையே மேடம் என்று பிறகு என்னிடம் அழுதாள். பெயர் எதற்கு? அந்த வகுப்பில் பெண்பிள்ளைகளே நாலைந்து பேர்தான். சோறு வேகும் நேரத்தில் அம்மாக்கள் எந்தப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பா வந்து கைப்பேசியைச் சுவரில் அடித்து நொறுக்கினார். பிள்ளைக்கும் அடி.

போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. நொறுங்கிய கைப்பேசியிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. அவன் எந்தப் பெயரில் பேசினான், இவள் படம் அனுப்பினாளா, வீடு எங்கே என்று சொல்லிவிட்டாளா, எல்லாம் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும். அவளோ பள்ளிக்கே வருவதில்லை.

நானும் பயிற்சி ஆசிரியையும் அவர்கள் ஃபிளாட்டுக்குப் போனோம். எங்களிடம் வாயே திறப்பதில்லை, நீங்களாவது கேளுங்கள் என்று அம்மா கெஞ்சினார். சிறுமி சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கன்னத்து வீக்கம் இன்னும் வடியவில்லை. பயிற்சி ஆசிரியை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள்.

"டீச்சர்கிட்ட மட்டும் சொல்லும்மா. இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சிறுமி திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அங்கிளும் அப்படித்தான் சொன்னாரு, டீச்சர். ஆனா அவரு யார்கிட்டயும் சொல்லவே இல்ல."