சீர் மூட்டை அனுப்பிய ஜோஸ்பின் மேடம்

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. பல வருடங்கள் பேசாமல் இருந்துவிட்டேன். பேசாதே என்று சொன்னவரே இப்போது இல்லை.

செய்தி வந்தபோது முகப்பேரில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் தீவன ஆலையின் பழைய ஊழியர்களான நம்முடைய வாட்ஸப் குழுவை நான் அதிகம் திறப்பதில்லை. அன்று ஏனோ திறந்தேன். ஜோஸ்பின் மேடம் காலையில் ஆவடியில் காலமாகிவிட்டார் என்று போட்டிருந்தது. அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக. அவற்றின் நடுவே நம் முன்னாள் பொது மேலாளரின் இரங்கல்: "திறமைசாலி. கன்றுகள் விஷயத்தில் செய்த தவறிலிருந்து பாடம் கற்று மீண்டவர்." அதற்கும் உங்களில் பலர் கைகூப்பியிருந்தீர்கள்.

கீரைக்காரம்மா, "இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி கீது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்தத் தவறு மேடம் செய்ததில்லை என்று அவரிடம் சொல்லி என்ன பயன்? உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பால் பண்ணையில் எருமை கடாக்கன்று போட்டால் யாருக்கும் மகிழ்ச்சி கிடையாது. அது பால் கறக்காது. குடிக்கிற பாலும் நஷ்டம். அரைப்பட்டினியில் பாதிக் கன்றுகள் போய்விடும். பால் மறந்த கையோடு அவற்றுக்குத் தனித் தீவனம் கொடுத்துத் தேற்றி, பிறகு பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு ஷெட்டில் வைத்துக் கறிக்காக வளர்ப்பது என்று நம் ஆலை ஒரு திட்டம் போட்டது. அந்தத் தீவனத்தை உருவாக்கியவர் மேடம். நான் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். பால் மறந்த அந்தச் சில வாரங்களில் கன்றுக்குப் புரதமும் தாது உப்பும் சரியாகப் போனால்தான் பிறகு ஷெட்டில் எடை ஏறும், அப்போது விட்டதைப் பிற்பாடு எவ்வளவு கொட்டினாலும் பிடிக்க முடியாது என்பது அவருடைய வாதம். வாதம் என்று நான் சொல்கிறேன். கன்றுகள் அதை நிரூபித்தன.

ஒருமுறை நான் சற்று எரிச்சலாகவே கேட்டேன், "கடைசியில் கறிக்குத்தானே போகப்போகுது மேடம், இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" அவர் தீவனத்தை உள்ளங்கையில் வைத்து முகர்ந்துகொண்டே, "போற வரைக்கும் பசிக்கும் இல்ல சார்?" என்றார்.

முதல் தொகுதிக் கன்றுகள் ஷெட்டுக்குப் போனபோது நாங்கள் இருவரும் உடன் போயிருந்தோம். ஷெட்காரர் எத்திராஜ், பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். லாரியிலிருந்து இறங்கிய கன்றுகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு கத்தின. தொட்டி நிறைய ஷெட்டுக்கான புதுத் தீவனம். ஒன்றும் வாய் வைக்கவில்லை.

"மேடம், காலீல இருந்து இப்டியே கீது. ஊட்ட நெனச்சிக்கினு அழுவுது. நீ இன்னா மருந்து போட்டாலும் துன்னாதான மேடம் வேல செய்யும்?"

மேடம் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாரிக்காரரிடம் பேசி, கன்றுகள் பழைய இடத்தில் தின்றுகொண்டிருந்த தீவனத்திலேயே ஒரு மூட்டை வரவழைத்தார். அதைப் புதுத் தீவனத்தின் மேல் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினார். ஒரு கன்று வந்து முகர்ந்தது. அப்புறம் இன்னொன்று.

எத்திராஜ் கையைத் தட்டினார். "தோடா! பொண்ண கட்டிக் குட்த்தா பொறந்த ஊட்லேர்ந்து சீர் வருமே, அந்த மாரி கீதே மேடம்!"

அன்றிலிருந்து அதற்குச் சீர் மூட்டை என்றே பெயர். ஒவ்வொரு தொகுதியோடும் பழைய தீவனம் போகும். முதல் வாரம் அதில் புதியது கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். "முதல் வாரம் எடையப் பாக்காதீங்க, வாயப் பாருங்க" என்பார் மேடம். எடை எழுதுகிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை.

அவருடைய கைப்பை எப்போதும் தீவன வாசனை அடிக்கும். சாம்பிளுக்கென்று எடுத்துப் போட்டுக்கொள்வார், மறந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பை வந்தபோது அவசரமாகக் கையை விட்டு எடுத்துப் போட்டிருக்கிறார். நாணயத்தோடு நாலைந்து தீவன உருண்டைகளும் பைக்குள் போய்விட்டன. மறுநாள் அவரே உணவு இடைவேளையில் சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஃபாதர் பூசைக்கு அப்புறம் கூப்பிட்டு, 'அம்மா, மாடு வளர்க்கிற ஆளுங்க யாரோ நம்ம பங்குக்குப் புதுசா வந்திருக்காங்க போல'ங்கறார். நான் வாயே திறக்கலையே!"

மூட்டையின் மேல் அவர் பெயரைப் போட வேண்டும் என்று நான் ஒரு காலத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். நிறுவனத்தின் பெயர், முத்திரை, கொம்பு வைத்த ஒரு படம் எல்லாம் இருக்கிறது. உருவாக்கியவர் பெயர் மட்டும் இல்லை. இதை நான் சொன்னபோது அவர், "எதுக்கு சார்? கன்னுக்குட்டி படிச்சுப் பாத்துட்டா திங்கப்போகுது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். எனக்கு அப்போது கோபம். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

இனி அந்தச் சம்பவம்.

கன்றுகளை வாங்கவிருந்த பெரிய கறி நிறுவனத்தார் ஷெட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்றுதான் புதுத் தொகுதியும் வந்து இறங்குகிறது. வந்தவர்களின் கண்ணெதிரே கன்றுகள் முண்டியடித்துத் தின்ன வேண்டும் என்று பொது மேலாளர் ஆசைப்பட்டார். சீர் மூட்டை வேண்டாம், வளர்ந்த கன்றுக்கான மக்காச்சோளத் தீவனத்தையே கொடுங்கள், மேலே வெல்லப்பாகு ஊற்றுங்கள், தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மேடம் அவர் அறைக்குப் போனார். நானும் இருந்தேன்.

"இனிப்புக்குத் திங்கும் சார். பசியில பறந்து வந்து திங்கும். ஆனா வயிறு பழகலையே. உள்ள புளிச்சுப்போயிடும்."

"மேடம், அவங்க உங்க பாடத்தக் கேக்க வரல. கன்னு திங்கறதப் பாக்க வராங்க."

"அப்படின்னா தீவன லாரி கிளம்ப நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"போடாதீங்க. உங்க கையெழுத்தையா கன்னு திங்கப்போகுது?"

அவர் சொன்ன அதே வார்த்தையின் சாயலில் இந்த ஆள் பேசியது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. லாரி அவர் கையெழுத்தில்லாமலே கிளம்பியது. இதற்கு நான் சாட்சி.

கன்றுகள் ஆசையாகத் தின்றன. வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். மறுநாள் எத்திராஜ் தொலைபேசியில் கத்தினார்: "மேடம், சீக்கிரம் வா மேடம்! வவுறு பானையாட்டம் ஊதிக்கினு கீது! எய்ந்துக்கவே மாட்டேங்குது!"

நாங்கள் போனபோது சாணம் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. கால் மடங்கிக் கிடந்தவற்றின் வாயில் மேடம் சோடா உப்புக் கரைசலை ஊற்றிக்கொண்டே இருந்தார். புடவையெல்லாம் சாணம். மருத்துவர் வந்தார். சில பிழைத்தன, பல போயின. ஒரு கன்றின் தலை அவர் மடியிலேயே சாய்ந்தது. அதன் உதட்டில் வெல்லப்பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் அதை முந்தானையால் துடைத்தார். கன்று அதற்குள் செத்திருந்தது.

விசாரணைக் கூட்டத்தில் பொது மேலாளர் முதலில் எத்திராஜை நோக்கித்தான் விரல் நீட்டினார். ஷெட்டில் அளவு தெரியாமல் கொட்டிவிட்டார்கள், ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும் என்றார். எத்திராஜுக்கு அந்த ஷெட்டைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. அவர் கதவருகே துண்டை இடுப்பில் கட்டியபடி நின்றிருந்தார். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

நான் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் மேடம் எழுந்தார்.

"ஷெட்ல ஒரு தப்பும் இல்ல. நாம சொன்ன அளவுதான் போட்டிருக்காங்க. தீவனத்துக்கு நான்தான் பொறுப்பு. என் பேர்ல எழுதிக்குங்க."

உடனே எழுதிக்கொண்டார்கள். இதை எழுதிக்கொள்வதில்தான் என்ன சுறுசுறுப்பு!

வெளியே மாடிப்படியில் அவரை மறித்தேன். கையெழுத்து இல்லாமல் லாரி போன விஷயத்தை மேலிடத்துக்கு நானே சொல்லப்போகிறேன் என்றேன்.

"விடுங்க சார். நீங்க வாயத் திறந்தா மேனேஜர் எப்படியும் தப்பிச்சுக்குவார். மறுபடி எத்திராஜ் தலையிலதான் வந்து விடியும். ஷெட் ஓடுற வரைக்கும் நீங்க இதப் பேசக் கூடாது. எனக்காக."

"உங்க பேரு என்ன ஆகும் மேடம்?"

"என் பேரு சாப்பிடாது சார். எத்திராஜ் வீட்ல சாப்பிடணும்."

அவரைக் கோழித் தீவனப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை ஒரு கன்றின் பக்கத்தில்கூட அவரை விடவில்லை. அந்தத் தீவனத்தின் வெற்றியைப் பற்றி யார் யாரோ மேடையில் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வர வேண்டிய பதவி யாருக்குப் போயிற்று என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நிற்கவில்லை. மேடத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. நல்லவர்கள் இப்படி விட்டுக்கொடுப்பதால்தான் மற்றவர்கள் மாலை போட்டுக்கொள்கிறார்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். "ஆமா சார், நீங்க எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கீங்களே, கை வலிக்கல?" என்று கேட்டார்.

மேடம் நோயில் கிடந்தபோது ஆவடியில் அவர்களுடைய பருத்திப்பட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஏரிக்காற்று ஜன்னல் திரையைத் தூக்கிக்கொண்டிருந்தது. கணவர், பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். "காலையிலேருந்து ஒரு வாய் இறங்கல சார்" என்றார். மேடம் என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

"எத்திராஜ் ஷெட் ஓடுதா?"

"நல்லா ஓடுது மேடம். இப்ப அவர் நம்ம கம்பெனிய நம்பி இல்ல. சொந்தமாவே கன்னு வாங்குறார்."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. ஷெட் ஓடுகிறவரை பேசாதே என்றவர், ஓடுவதை உறுதி செய்துகொண்டு படுத்துவிட்டார்.

அடக்கத்துக்கு உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். பொது மேலாளர் ஆள் உயர மாலையோடு வந்தார், படமெடுக்கும்வரை நின்றார், போனார். கல்லறைக் குழிக்குள் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். எத்திராஜ் கடைசியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி தீவனத்தை எடுத்து மண்ணோடு சேர்த்துப் போட்டார். உறவுக்காரர் ஒருவர், "என்னங்க இது?" என்று கையைப் பிடிக்கப் போனார். மேடத்தின் கணவர்தான் விடச் சொன்னார்.

"இல்லபா, புது எடத்துக்குப் போவுது. தெரிஞ்ச வாசன ஒண்ணு கூட போவட்டும்" என்றார் எத்திராஜ். துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

வாசலில் அவரிடம் கேட்டேன், நடந்ததை எழுதட்டுமா என்று. எழுதினால் உங்களுக்கு ஏதாவது இடைஞ்சல் வருமா என்று.

"எய்து சார். என்ன இன்னா பண்ணிடுவானுங்க? அன்னிக்கி நான் வாசப்படியில நின்னுகினு எல்லாத்தையும் கேட்டுகினுதான் இருந்தேன். இன்னிக்கும் எந்தக் கன்னு வந்தாலும் பழைய ஊட்டுத் தீனி ஒரு மூட்ட இல்லாம எறக்கமாட்டேன்."

ஆகவே எழுதிவிட்டேன். அந்தத் தீவனம் ஜோஸ்பின் மேடம் உருவாக்கியது. அந்தக் கன்றுகள் செத்தது அவர் வேண்டாம் என்று சொன்னதைச் செய்ததால். பழியை அவர் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு குடும்பம் பிழைப்பதற்காக. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது, போற வரைக்கும் பசிக்கும் இல்ல சார் என்ற அந்தக் கேள்வி. யாரைப் பற்றியாவது கடுமையாக நினைக்கும்போது அது குறுக்கே வந்து நிற்கிறது. பொது மேலாளரைப் பற்றி நினைக்கும்போது மட்டும் இன்னும் வரவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன்.

கீழே என் பெயரை எழுதினேன். பிறகு முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பெயரைப் பார்த்ததும், பதவி கிடைக்காத ஆள் வயிற்றெரிச்சலில் எழுதியிருக்கிறான் என்று நீங்கள் பேசத் தொடங்குவீர்கள். பேச்சு மேடத்தை விட்டுவிட்டு என்மேல் திரும்பிவிடும். வாட்ஸப்பில் போட்டால் எண் காட்டிக்கொடுத்துவிடும்; நம் ஆலைக்காரர்களின் முகநூல் குழுவில் பெயரில்லாமல் பதிவிட வசதி இருக்கிறது. யாரென்று கண்டுபிடிக்க உங்களுக்குக் கொஞ்ச நேரம் போதும். அது உங்கள் பாடு.

பெயரை அழித்துவிட்டேன். மேடத்தின் மூட்டைகள் எல்லாம் இப்படித்தான் போயின.