பாலைவனத்தில் ஒரு முடிச்சூர்

இரண்டு வருடங்களுக்கு முன், அரையாண்டு விடுமுறையில், ஜோர்டான் நாட்டிலுள்ள பெட்ரா என்ற பழைய மலை நகரத்தில் நடந்தது இது. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். கூட வந்த தோழி அதே பள்ளியில் வரலாறு டீச்சர். பதினெட்டு வருடமாக ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

அவளுடைய சர்ச்சிலிருந்து புனிதப் பயணம் கிளம்பிய குழுவில் அவளும் அவள் அக்காவும் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, அவர்கள் முதலில் போகவிருந்த பக்கத்து நாட்டில் சண்டை. பாதிப் பேர் பின்வாங்கினார்கள், அக்கா உட்பட. டிராவல்ஸ்காரர் பயணத்தை ஜோர்டான் மட்டும் என்று சுருக்கிவிட்டார். "பெட்ராவைப் படத்துல பார்த்தே ரிட்டயர் ஆயிடுவேன் போலிருக்குடி. நீ வாயேன்" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்டதே கிடையாது. மறுக்க மனசு வரவில்லை.

வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. சொந்தக்காரர்கள் வாட்ஸ்ஆப்பில் ஏவுகணை வீடியோவாக அனுப்பித் தள்ளினார்கள். ஏர்போர்ட்டுக்குப் போன ஆட்டோ டிரைவர்கூட விடவில்லை. "இன்னாக்கா, அங்க குண்டு போட்டுகினு கீறாங்களாமே, நீ சுத்திப் பாக்கப் போறியா?" என்றார். சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் உதறல்தான்.

இங்கே என் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வீடு முடிச்சூரில். 2015 டிசம்பரில் வந்த அந்தப் பெரிய வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீர் புகுந்து, என் சர்டிபிகேட், வீட்டுப் பத்திரம், மகளின் மார்க் ஷீட் எல்லாம் பீரோவுக்குள்ளேயே கூழாகிவிட்டன. அதிலிருந்து வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். அதற்குள் பிளாஸ்டிக் கவரில் எல்லாக் காகிதமும் இருக்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். வானம் கருத்தாலே என் கை அந்தப் பையைத் தேடும். காகிதங்களை வீட்டில் வைத்துவிட்டு, எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் போட்டு அதையே தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "பாலைவனத்துக்கு வெள்ளப் பை எடுத்துட்டு வர்ற ஒரே ஆள் நீதான்" என்று தோழி வழி முழுக்க ஓட்டினாள்.

பெட்ராவுக்குள் போக ஒரே ஒரு குறுகலான மலைப் பிளவு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை செங்குத்தாக ஏறி, மேலே வானம் ரிப்பன் அகலத்துக்குத் தெரிகிறது. பாறைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள், குடிதண்ணீருக்காம். பிளவின் வாசலில் ஓர் அணை, மழை வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். எல்லாம் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வேலை என்று கைடு சொன்னதும் நான் நின்றுவிட்டேன். "வெள்ளம் வருமுன் அணை போடுன்னு நாம பசங்களை எழுத வெக்கறோம். இவங்க போட்டே வெச்சிருக்காங்க பாரு" என்றாள் தோழி.

பிளவு முடிகிற இடத்தில், ஒரு கீற்று வெளிச்சத்துக்கு நடுவே, மலையிலேயே செதுக்கிய அந்த மாளிகை முகப்பு தெரிந்தது. தூண்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. தோழி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, நானும் கழற்றினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். உலகத்தில் இவ்வளவு பெரிய அழகு ஒன்று இருப்பது தெரியாமலே இத்தனை வருடம் மெட்ரோ வாட்டர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் காத்திருந்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் இன்னும் உள்ளே போய், ஒரு கல்மேடையில் உட்கார்ந்து போட்டோ எடுத்தோம். எதிரே ஒரு பெண் மேசை போட்டு டீயும் மணிமாலைகளும் விற்றுக்கொண்டிருந்தாள். தூரத்து மலை கருத்திருந்தது. நான் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள் தோழி. சொல்லி பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சைரன் அலறியது. குண்டுதான் என்று நினைத்து வானத்தைப் பார்த்தேன். ஆனால் உள்ளூர்க்காரர்கள் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. "அப்! அப்!" என்று கத்தியபடி மலைச்சரிவுப் படிகளைக் காட்டினார்கள். வெள்ளம் வருகிறதாம்.

கூட்டத்தோடு ஏறினோம். பாதிப் படியில் தோளைத் தொட்டுப் பார்த்தேன். பை இல்லை. கல்மேடையில் வைத்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், எனக்குப் பழைய பீரோதான் கண்ணில் தெரிந்தது. திரும்பிக் கீழே ஓடினேன். பின்னால் தோழி ஏதோ கத்தினாள். சைரன் சத்தத்திலும் கழுதைகளின் கத்தலிலும் ஒன்றும் கேட்கவில்லை.

மேடையில் பை இல்லை. குனிந்து தேடும்போதே கணுக்காலில் ஜில்லென்று தண்ணீர் ஏறியது. அந்தக் காவி நிறம், அந்தச் சேற்று வாடை, அப்படியே எங்கள் தெரு. திரும்பினால் இரண்டடி பின்னால், முழங்கால் வலியோடு படிக்கட்டு ஏறவே திணறும் என் தோழி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பை அவள் தோளில். மேடையிலிருந்து எழும்போதே எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். "எங்கிட்ட இருக்குடி, எங்கிட்ட இருக்குடி" என்று அதைத்தான் இவ்வளவு நேரம் கத்தியிருக்கிறாள்.

அவளைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் அதற்குள் முழங்காலைத் தள்ளியது. அவளால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. என்னால் இவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். அந்த நிமிடத்தை இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை. படிகளிலிருந்து அந்த டீக்கடைப் பெண் இறங்கி வந்தாள். தோழியின் மணிக்கட்டை ஒரு கையால், என் ஷாலை இன்னொரு கையால் பிடித்து, அரபியில் திட்டிக்கொண்டே எங்களைப் படியில் ஏற்றினாள்.

மேலே பழைய கல்லறைக் குகை ஒன்றின் வாசலில் போய் விழுந்தோம். மழையும் பிடித்துக்கொண்டது, சற்று நேரத்தில் நாங்கள் நின்ற இடத்தில் ஆறு ஓடியது. கல்மேடை மூழ்கிப்போனது. அந்தப் பெண்ணின் மேசை, கெட்டில், மணிமாலைகள் எல்லாம் எங்கள் கண்ணெதிரே மிதந்து போயின. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. குகை வாசலில் நின்று, ஏறி வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தாள். நான் மடியில் பையை வைத்துக்கொண்டு வெட்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்டது. எதிர்மலை முழுவதும் சிவப்புப் பாறைகளிலிருந்து நூறு அருவிகள் கொட்டின. வெயில் பட்டதும் மொத்த மலையும் ஜொலித்தது. அத்தனை பேரும் வாசலுக்கு வந்து பார்த்தோம். இது பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் வந்த தண்ணீர், அந்த அணையும் சுரங்கமும் இல்லாவிட்டால் பிளவுக்குள் மாட்டியவர்கள் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்றார் கைடு. தண்ணீர் போக முதலில் வழி விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஊரைக் கட்டியிருக்கிறார்கள். ஏரிக்குள் மனை வாங்கிய எனக்கு அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏன்டி, கணக்கு டீச்சர்தானே நீ? ரெண்டு பாஸ்போர்ட் பெருசா, ரெண்டு உசுரு பெருசா?" என்றாள். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

பை இப்போதும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. ஆனால் மழை வலுத்தால் என் கை முதலில் போனை எடுக்கிறது. பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தை ஒட்டித் தரைத்தளத்தில் குடியிருக்கும் அவளிடம், "மாடிக்குப் போயிட்டியா?" என்று கேட்கிறேன். போய்விட்டேன் என்று அவள் சொல்லும்வரை, பெயர்கூடத் தெரியாத அந்த டீக்கடைப் பெண்ணைப் போல, நானும் எண்ணிக்கொண்டுதான் நிற்கிறேன்.